பல் டாக்டர் வேண்டாமென்ற பச்சை

அந்த வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். சமையலறை பல் டாக்டருடையது. கூடம் வக்கீலுடையது. மகள் கல்யாணமாகிப் போகும்வரை இருந்த சின்ன அறை, இரட்டைப் பிள்ளைக்காரியுடையது. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால், "வக்கீல்ல பாருங்க, அலமாரி மேல" என்று பதில் வரும். புதிதாக வந்த விருந்தாளிகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். கடையில் பார்த்துப் பிடித்த நிறம் வீட்டுக்குப் போனதும் பிடிக்காமல் போவது அந்தத் தொழிலில் சகஜம். கலந்ததைப் பிரித்து மறுபடி வெள்ளையாக்க முடியாது. அப்படித் திரும்பி வந்த டின்கள் கடையின் பின்பக்கத் தட்டில் அடுக்கிக் கிடக்கும். வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். தன் வீடு முழுக்க அந்த டின்களால் அடித்ததுதான் என்று அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். சமையலறையின் இளம்பச்சை, ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு வாங்கி, மனசு மாறித் திருப்பிக் கொடுத்தது. கூடத்துச் சந்தன நிறத்தை ஒரு வக்கீல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேண்டாமென்றார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற ஒருத்தி, பிள்ளைகள் அறைக்கு ரோஸ் கேட்டுவிட்டு, இரண்டும் ஆண் என்று தெரிந்ததும் டின்னோடு திரும்பி வந்தாள்.

அப்படி ஒரு பல் டாக்டர் இல்லை. வக்கீலும் இல்லை. அந்த இரட்டைப் பிள்ளைகளை யாரும் பெறவில்லை. எல்லா டின்னும் அவர் தன் கையால், மனைவிக்கென்றே கலந்தது. பின்தட்டிலிருந்து ஒரு டின்னைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்த நிறங்களைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையில் அவருக்குச் சொட்டு என்று பெயர். மெஷின் வந்து, நம்பரை அழுத்தினால் நிறம் தானாக விழும் காலம் வந்த பிறகும், கடைசியில் மூடியைத் திறந்து, குச்சியால் கிண்டி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கறுப்பிலோ காவியிலோ ஒரு சொட்டு விட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மெஷினுக்குக் கண் கிடையாது என்பது அவர் கட்சி. அநேகமாக அந்தச் சொட்டு நிறத்தை அழகாக்கிவிடும் என்பதால் முதலாளியும் கண்டும் காணாமல் இருந்தார். வேலையிலிருந்து நின்ற பிறகும் சிக்கலான நிறம் என்றால் அவருக்குத்தான் போன் வரும்.

இந்தப் பொய் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. படுக்கையறைக்கு ஒரு நிறம் கலந்தார். நீலமா சாம்பலா என்று பிடிபடாத நிறம். பொழுது சாய்ந்து இன்னும் விளக்குப் போடாத நேரத்து வானம் என்று வைத்துக்கொள்ளலாம். அது கைக்கு அகப்படாமல் பல நாள் போக்குக் காட்டியது. ஒருவழியாக வந்ததும், மனைவி வேலைக்குப் போயிருந்த சமயத்தில் அடித்து முடித்தார். அவள் வந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொட்டுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கடையில் எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், அதையெல்லாம் அவர் தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஒரு முகம் சுளித்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அறிவு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"யாரோ கஸ்டமர் வேணாம்னு திருப்பிக் குடுத்தது. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்," என்றார்.

அவள், "ஓ," என்றாள். பிறகு, "பரவால்ல, வீணாக்கக் கூடாதுதான்," என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொட்டு முடிவு கட்டிவிட்டார். அடுத்த முறை சுவரைச் சுரண்டி அடிக்கிற வாய்ப்பு வந்ததும் அந்த நீலத்தை மூடி, ஒரு பேங்க் மேனேஜர் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லி, யார் மனசையும் நோகடிக்காத ஒரு வெளிர்மஞ்சளை ஏற்றிவிட்டார். பொய் ரொம்ப சௌகரியமாக இருந்தது. நிறம் அவளுக்குப் பிடித்தால் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பிடிக்காவிட்டால் பழி பல் டாக்டர் தலையில் விழுந்தது. கோழைகளுக்கு மட்டும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எப்படித்தான் தோன்றுமோ.

மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தாள். எல்லோரும் அவளை ஹலோ அக்கா என்றார்கள்; வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மழை பெய்கிறதா என்பதை யாராவது போனில் சொன்னால்தான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அறைகளின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். "எங்க வீட்டுல எல்லாம் ஊரார் வேணாம்னு சொன்ன கலர்தான். எங்களுக்குன்னு பாத்து அடிச்சது ஒரு சுவர் கிடையாது," என்பாள். சொட்டும் கூடச் சிரிப்பார். வருஷத்துக்கு வருஷம் அவள் சிரிப்பு அந்த இடத்தில் குறைந்துகொண்டே வந்தது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல இருந்துவிட்டார்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே, பின்பக்கம் ஒரு பெர்கோலா போடவேண்டும் என்றாள். நாலு கால், மேலே குறுக்குச் சட்டங்கள், கூரை கிடையாது, கீழே ஒரு நாற்காலி. கூரையில்லாத பந்தல் எதற்கு என்று எதிர்வீட்டு சார் கேட்டதற்கு, கூரைக்கடியில் உட்கார்ந்து போதுமென்றாகிவிட்டது என்று பதில் சொன்னாள். பிறகு சொட்டு பக்கம் திரும்பினாள்.

"கலர் நான் பாத்துக்கறேன். திரும்பி வந்த டின் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. இது ஒண்ணாவது எனக்குன்னு கலந்ததா இருக்கணும்," என்றாள்.

சொட்டு சரியென்று தலையாட்டினார். அவள் இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. போர்டில் லைன் மாற்றிக் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

தச்சர் வந்து கால் நட்டு, சட்டம் ஏற்றி, இழைத்து முடித்தார். கலர் என்ற பேச்சு எடுத்ததுமே அவருக்கு முகம் கோணிவிட்டது. "மரத்துக்கு எதுக்கும்மா சட்டை? எண்ணெய் தடவி விட்டுடுங்க, அது பாட்டுக்கு நிக்கும்," என்றார். எதிர்வீட்டு சார் வெள்ளை என்றார். பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார், வெள்ளைக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் போனில், இப்போது எல்லோரும் கரிச்சாம்பல்தான் அடிக்கிறார்கள் என்றாள். சொட்டு தன் பங்குக்கு அடர்பழுப்பு என்றார். மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி ஸ்டெயின் கொடுத்து, மேலே பாதிப் பளபளப்பில் ஒரு கோட்டிங் போட்டால் அடக்கமாக இருக்கும் என்று விளக்கினார். ஹலோ அக்கா எல்லோருக்கும் ம் கொட்டினாள். அது அவள் தொழில்.

கடையிலிருந்து வந்த ஷேட் கார்டை, கட்டம் கட்டமாக நிறங்கள் அச்சடித்த அந்த அட்டையை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை. கடை டியூப்லைட்டில் நிறம் பார்க்காதீர்கள், உங்கள் வெளிச்சத்தில் பாருங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொட்டு காலமெல்லாம் சொல்லிவந்ததை அவள் காதில் வாங்கியிருந்தாள். காலையில் கார்டோடு பின்பக்கம் போவாள். உச்சிவெயிலில் போவாள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி போய், ஒவ்வொரு கட்டமாகப் பெர்கோலாவின் காலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். இவ்வளவு பொறுமையான வாடிக்கையாளரைச் சொட்டு கடையில் பார்த்ததேயில்லை. ஒருநாள் வந்து ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள்.

மஞ்சள். அதுவும் கொஞ்சமும் கூச்சநாச்சமில்லாத மஞ்சள். உடைத்து ஊற்றிய முட்டையின் நடுவில் இருக்கிறதே, அது.

"இது வெளிய நிக்காது," என்றார் சொட்டு. இப்படிப்பட்ட சுத்த மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், காவி கலந்த மஞ்சள் என்றால் காலத்துக்கும் நிற்கும் என்று எடுத்துச் சொன்னார். அது உண்மையும்கூட.

"வெளுத்தா மறுபடி அடிச்சுக்கலாம்," என்றாள். "பளபளன்னு இருக்கணும். பாதிப் பளபளப்பு, கால் பளபளப்பு எல்லாம் வேணாம்."

ஏன் இந்த மஞ்சள் என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றாள். அதற்குமேல் அவளிடம் காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சொட்டு கடைக்குப் போனார். மெஷினில் கார்டு நம்பரை அழுத்தினார். மஞ்சள் விழுந்தது. குலுக்கி மூடியைத் திறந்தபோது, அவள் விரல் வைத்த அதே நிறம் உள்ளே வெட்கமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மூடியை அடித்து மூடிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவர் குச்சியை விட்டுக் கிண்டினார். கண்ணைச் சுருக்கினார். வெயிலுக்கு நிற்க வேண்டாமா, அவள் பின்னால் வருத்தப்படக் கூடாது அல்லவா என்று மனசுக்குள் ஒரு நல்ல மனிதர் பேச ஆரம்பித்தார். காவியில் ஒரு சொட்டு. இன்னொன்று. கண்ணைக் குத்துகிறதே என்று கறுப்பில் ஒரே ஒரு சொட்டு. முதலில் எடுத்த பேஸே, நிறம் சேர்க்கிற அந்த அடிப் பெயிண்டே, பாதிப் பளபளப்புதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது கைதவறி எடுத்ததல்ல.

வந்த நிறம் அழகாகத்தான் இருந்தது. பழைய புத்தக அட்டைபோல, நிதானமான மஞ்சள். எவ்வளவு நல்ல நிறம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரைமர் காய்ந்து வெள்ளையாக நின்ற கால்களில் முதல் காலுக்கு அடித்தார். ஹலோ அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். காலைப் பார்த்தாள்.

"ஈரத்துல அப்படித்தான் தெரியும். காஞ்சா மாறும்," என்றார் சொட்டு. உலகத்தில் பெயிண்ட் அடிக்கிற அத்தனை பேரும் சொல்கிற வார்த்தை அது.

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து, காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சொட்டு அடுத்த காலுக்குப் போகவில்லை. பிரஷ்ஷைத் துடைத்தார். துடைத்த பிரஷ்ஷையே மறுபடி துடைத்தார். வெயில் நகர்ந்து சுவர் ஏறியது. அவள் எழுந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஷேட் கார்டை எடுத்துக் காலோடு சேர்த்துப் பிடித்தாள். கண்ணில்லாதவனுக்கும் வித்தியாசம் தெரியும்.

"இது யாரு திருப்பிக் குடுத்த டின்?" என்று கேட்டாள்.

சொட்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு பெயர் சொன்னால் போதும். ஒரு ஹோட்டல்காரர், ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர், யாரையாவது படைத்துவிடலாம். அதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் இவள் வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவருக்குப் பொய் வந்திருக்கும். இதற்கு வரவில்லை.

"யாரும் திருப்பிக் குடுக்கல," என்றார். "இது நான் கலந்தது. நீ சொன்னதுல கொஞ்சம் மாத்திட்டேன்."

"என்கிட்ட கேக்கலாமில்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லிடுவ."

அதைச் சொன்னதும் மற்றதும் தானாக வந்துவிட்டது. அவர் சொன்ன வரிசை முன்னும் பின்னுமாக இருந்தது. திரும்பி வந்த டின் எதுவுமே இந்த வீட்டுக்கு வந்ததில்லை, எல்லாம் உனக்கென்று கலந்தது, உனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து யார் தலையிலாவது போட்டேன் என்றார். அவர் முடித்ததும் ஹலோ அக்கா, "பல் டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வக்கீல்?"

"இல்ல."

"அந்த ரெட்டைப் பிள்ளைங்க?"

சொட்டு தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன வயசிருக்கும் என்று அவள் எத்தனையோ முறை கணக்குப் போட்டதுண்டு. மகள் பரீட்சை எழுதும்போதெல்லாம், அதுகளும் இந்நேரம் எழுதிக்கொண்டிருக்கும் என்பாள். இப்போது அவள் முகத்தில் முதலில் தெரிந்தது கோபமில்லை. ஒரே நாளில் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இல்லாமல் போன முகம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"எனக்குன்னு கலந்ததையா, ஊரான் வேணாம்னு சொன்னதுன்னு சொல்லி என்னை இத்தனை வருஷம் குடியிருக்க வெச்சீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. டின்னின் மூடியை எடுத்து, அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். "எனக்கு இது வேணாம். கடையில கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

சொட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முதலாளி மூடியைத் திறந்து பார்த்து, நல்ல கலராயிற்றே, எந்த மடையன் வேண்டாமென்றான் என்று கேட்டார். வீட்டுக்காரி என்றார் சொட்டு. முதலாளி சிரித்தார், சொட்டு சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டின் பின்தட்டில் மற்ற டின்களோடு போய் உட்கார்ந்தது. அந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த முதல் டின் அது.

முழுப் பளபளப்பு பேஸை எடுத்து மறுபடி நம்பரை அழுத்தினார். திறந்து கிண்டினார், கிண்டாமல் முடியாது. கண் தானாகச் சுருங்கியது. கறுப்பு பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொழில் என்று ஒன்று பழகிவிட்டால் கை நாயைப் போல அதன் பின்னாலேயே ஓடும். முதலாளியை அழைத்து, இதை நீங்களே மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து நடைபாதையில் நின்றுகொண்டார்.

சுத்த மஞ்சளுக்கு இன்னொரு குணம் உண்டு: அடியிலிருப்பதை அது லேசில் மறைக்காது. ஒரு கோட் அடித்தால் பிரைமர் தெரிந்தது, அடுத்ததிலும் தெரிந்தது. முதல் காலில் பழைய நிதான மஞ்சள் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தது. சொட்டு சலிக்காமல் அடித்தார். முடிந்தபோது பெர்கோலாவை வெயிலில் பார்க்கவே கண் கூசியது. பின்பக்கம் ஸ்கூல் பஸ் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டு சார் சொன்னார். அப்போ ஏறி உட்காருங்கள் என்றாள் ஹலோ அக்கா. சொட்டிடம் அந்த நாட்களில் அவள் அவ்வளவு கலகலப்பாகப் பேசியதாகச் சொல்ல முடியாது. சோறு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், கத்தரிக்கோல் எங்கே என்றால் கூடத்தில் என்றாள். பல் டாக்டரும் வக்கீலும் சத்தமில்லாமல் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள். சொட்டுக்கு அது உறுத்தியது. ஆனால் காலி செய்யச் சொன்னது அவள் இல்லையே.

அவர் சொன்னபடியே அடுத்த கோடைக்குள் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. வெயில் படுகிற பக்கம் முதலில் போனது. சொட்டு தினமும் பார்த்தார், நான்தான் சொன்னேனே என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு பிற்பகல், அவள் பெர்கோலாவின் கீழ் உட்கார்ந்திருந்தாள். சட்டங்களின் நிழல் அவள் மடியில் கோடு கோடாக விழுந்திருந்தது. இப்போது அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டாவதை எப்போது கொண்டுவந்து போட்டாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார்.

"வெளுத்துடுச்சு," என்றாள்.

"ம். மறுபடி அடிச்சுடறேன். அதே கலர்தானே?"

"அதே கலர்தான்." மேலே சட்டங்களைப் பார்த்தாள். "அந்தப் படுக்கையறைக் கலர், மொதல்ல அடிச்சீங்களே, நீலமா ஒண்ணு. அதுவும் நீங்கதானா?"

"அதுதான் மொத டின். பல நாள் கலந்தேன். அது உனக்குப் பிடிக்கல."

"யாரு சொன்னா?"

சொட்டு திரும்பிப் பார்த்தார்.

"வாசல்ல நின்னேனே, ஏன்னு நெனச்சீங்க?" என்றாள். "பேச்சு வரல எனக்கு. நாளெல்லாம் அந்தக் குகைக்குள்ள உக்காந்துட்டு வந்தா, வீட்டுல வானம் இருக்கு. எனக்காகவான்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள யாரோ வேணாம்னு சொன்னதுன்னு சொல்லிட்டீங்க."

தன் கையாலேயே மூடிவிட்ட அந்த நிறத்தின் ஒவ்வொரு சொட்டும் அவருக்கு இன்னும் நினைவிருந்தது. அதைப் பற்றித்தான் கேட்டார்.

"அதை மறுபடி கலக்கட்டுமா?"

ஹலோ அக்கா எழுந்தாள். உள்ளே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கலந்து பாருங்க," என்றாள். "ஆனா பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னுதான் சொல்லுவேன்."

"சரி," என்றார் சொட்டு. டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். உள்ளங்கை வேர்த்திருந்தது.